புதன்கிழமை சாட்சி

நாற்பத்து மூன்று வயதில் பியேர் மறுபடியும் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டி வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் அவர் அலுவலகத்தில் பேர் வாங்கிய குமாஸ்தா. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வரும் மனுக்களுக்கு அவர் எழுதும் பிரெஞ்சு பதிலில் மேலதிகாரி ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டார். கையெழுத்தும் அப்படி, அச்சுக் கோத்தது போல இருக்கும். 1954-இல் கொடி மாறியது. கொஞ்ச நாளைக்கு எல்லாம் பழையபடியே நடந்தது. பிறகு ஃபைல்கள் இங்கிலீஷில் வர ஆரம்பித்தன.

மேலதிகாரியாகச் சென்னையிலிருந்து தணிகாசலம் என்பவர் வந்தார். தங்கமான மனிதர்தான், ஆனால் அவருக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. ஒருநாள் பியேரைக் கூப்பிட்டு, ஒரு கடிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பியேர் வாசித்தார். இங்கிலீஷ் வார்த்தைகளைப் பிரெஞ்சு மாதிரி மூக்கால் இழுத்து வாசித்தார். சுற்றி இருந்த இளவட்டங்கள் மேஜை மேல் குனிந்துகொண்டார்கள். தணிகாசலம் சிரிக்கவில்லை. கடிதத்தை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, "பரவாயில்ல, நீங்க போய் உக்காருங்க" என்றார். பிறகு அதை நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒருவனிடம் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பியேருக்கு இருந்தது.

பக்கத்து மேஜை சக்கரபாணியுடையது. ஊர்க்கோடியில் இருக்கும் சாரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பியேர் கிறிஸ்தவர், கோயிலில் முன்வரிசையில் உட்காரும் குடும்பம். சக்கரபாணி இந்து, நெற்றியில் நாமம் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார். ஆனால் இருபது வருஷமாக ஒருவர் சாப்பாட்டை ஒருவர் எடுத்துச் சாப்பிட்டுப் பழக்கம். அன்றைக்கு பியேர் வந்து உட்கார்ந்ததும் சக்கரபாணி தணிந்த குரலில் சொன்னார்:

"வாய் இருந்தும் ஊமையாயிட்டோம்யா நாம ரெண்டு பேரும்."

புதன்கிழமைக் கூட்டத்தைப் பற்றி அவர்களுக்குச் சொன்னது பாங்கில் வேலை செய்த பலராமன். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஒரு பழைய தானியக் கிடங்கின் மாடியில், புதன்கிழமைதோறும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பைபிள் பேச்சு நடக்கிறது. தபால் ஆபீஸ், பாங்க், சுங்கம் என்று வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த சிப்பந்திகளுக்காக ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் போகலாம். ஞானாதிக்கம் என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பாதிரியார் ஒருவர் பேசுகிறார், அவர் சபையில் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். "இங்கிலீஷ்லதான் பேசறாரு. கொழந்தைக்குச் சொல்ற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவாரு. அப்புறம் தமிழ்ல சொல்லுவாரு" என்றார் பலராமன்.

பியேர் கத்தோலிக்கர். மற்ற சபைக்காரர்களின் கூட்டத்துக்குப் போகக் கூடாது என்பது அவருடைய பங்குச் சாமியாரின் கண்டிப்பு. ஆனாலும் போனார். மனைவி மார்கரீத்திடம் மட்டும், "இங்கிலீஷ் கத்துக்கத்தான் போறேன், வேற ஒன்னும் இல்ல" என்றார். சக்கரபாணியையும் கூட்டிக்கொண்டு போனார்.

போன முதல் நாளே பிடித்துவிட்டது. ஞானாதிக்கம் ஐயர் சொல்லும் கதை எல்லாம் பியேர் சின்ன வயதிலிருந்து பிரெஞ்சில் கேட்ட கதைகள். கதை தெரிந்திருந்ததால் வார்த்தை தானாகப் பிடிபட்டது. படகு வரும் இடத்தில் படகுக்கு என்ன சொல்கிறார், புயலுக்கு என்ன சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூட்டம் முடிந்து படி இறங்கும்போது இருவரும் அன்றைய வார்த்தைகளை உதட்டுக்குள் உருட்டிக்கொண்டே ஆபீசுக்கு நடப்பார்கள்.

ஒரு தடவை ஐயர் அச்சடித்த வசனத் துண்டுகளைக் கொடுத்தார். பரலோகத்தில் சாவு இருக்காது, அழுகை இருக்காது, வலி இருக்காது என்று வரும் இடம். வலிக்கு இங்கிலீஷில் என்ன எழுத்தோ, அதே எழுத்துதான் பிரெஞ்சில் ரொட்டிக்கு. கூட்டம் முடிந்ததும் பியேர் எழுந்து, "ஐயா, மோட்சத்துல ரொட்டி இருக்காதுன்னு போட்டிருக்குதே, அது ஏன்?" என்று கேட்டார். ஐயர் துண்டைப் பார்த்தார், பியேரைப் பார்த்தார், விஷயம் புரிந்ததும் தோளில் கை போட்டுச் சிரித்தார். மாடி முழுக்கச் சிரித்தது. பியேரும் சிரித்தார், ஆனால் காது மடல் சுட்டது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அவரைத் தெரிந்துவிட்டது.

சில மாதங்கள் போயின. கடைசிப் பத்து நிமிஷம் யாராவது ஒருவர் எழுந்து, கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததைச் சொல்ல வேண்டும் என்று ஐயர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். சாட்சி சொல்வது என்று அதற்குப் பெயர். இங்கிலீஷிலும் சொல்லலாம், தமிழிலும் சொல்லலாம். "அடுத்த வாரம் நம்ம பியேர் இங்கிலீஷ்ல சொல்லட்டுமே" என்றார் ஐயர். பியேரால் மறுக்க முடியவில்லை. மறுக்க மனசும் இல்லை. அந்த மாடியில் தப்பில்லாமல் பத்து வாக்கியம் சொல்லிவிட்டால், பிறகு தணிகாசலத்தின் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

சொல்வதற்கு ஒரு விஷயமும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் ஜொசியானுக்கு டைபாய்டு ஜுரம் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புதிதாக வந்திருந்த மாத்திரையைக் கொடுத்து, ரத்தம் சோதித்து, ஜுரம் ஏறி இறங்கி, வாரக்கணக்கில் போராடிப் பிழைக்க வைத்தார்கள். மார்கரீத் அத்தனை நாளும் வார்டில் தரையில் படுத்திருந்தாள்.

பியேர் வீட்டில் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரத்தம் சோதித்ததை எப்படிச் சொல்வது? ஜுரம் விட்டு விட்டு வந்ததை? ஆறு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை கொடுக்க வந்த கன்னியாஸ்திரீயை? வாக்கியங்கள் கயிறு மாதிரி சிக்கிக்கொண்டன. சொல்லத் தெரியாததை எல்லாம் வெட்டினார். வெட்டியதில் ஆஸ்பத்திரி போயிற்று, டாக்டர் போனார், மார்கரீத் போனாள். மீதி நின்றது புதன்கிழமைகளில் கேட்டுக் கேட்டு நாக்கில் ஊறிய வார்த்தைகள் மட்டும். மகள், ஜுரம், படுக்கை, கை, எழுந்தாள்.

அந்தப் புதன்கிழமை எழுந்து நின்று இதைத்தான் சொன்னார். என் மகளுக்கு ஜுரம். நம்பிக்கை இல்லை என்று விட்டுவிட்டார்கள். நான் அவள் கையைப் பிடித்து ஜெபித்தேன். மருந்து இல்லை, ஜெபம் மட்டும். அவள் எழுந்தாள்.

'மருந்து இல்லை' என்பதை அவர் எழுதி வைத்திருக்கவில்லை. நின்ற இடத்தில் வாயில் வந்தது. அழகான சின்ன வாக்கியம், தப்பே இல்லை. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பியேர் சொன்னதை வார்த்தை பிசகாமல் தமிழில் சொன்னார். தமிழில் கேட்டபோதுதான் தான் சொன்னது என்ன என்று பியேருக்கு உறைத்தது. அதற்குள் ஆட்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர், "எவ்வளவு சுத்தமான இங்கிலீஷ்" என்றார்.

படி இறங்கி, சக்கரபாணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட நடந்தார். மார்க்கெட்டைத் தாண்டியதும் சைக்கிளை நிறுத்தினார்.

"பியேர், ஒன்னு கேக்கறேன். பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்திச்சேய்யா. நான்கூட வந்து பாத்தேனே."

"இருந்திச்சி."

"அப்ப மருந்து இல்லன்னியே?"

இந்த இடத்தில் பியேர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இங்கிலீஷ் வரவில்லை என்ற சாக்கு இங்கே இல்லை. நடுத்தெரு, தாய்மொழி, இருபது வருஷச் சிநேகிதன். ஆனால் இப்போதுதான் அத்தனை பேர் கையைப் பிடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"மருந்து குடுத்தாங்க. புடிக்கல. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. அதுக்கப்புறம் ஜெபந்தான்" என்றார் பியேர்.

"நெசமாவா?"

"நெசந்தான்."

சக்கரபாணி தலையை ஆட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். அவருடைய மனைவி ராஜாம்பாளுக்கு சயரோகம். வாரத்தில் சில நாள் சாயந்தரம் ஆபீசில் அனுமதி வாங்கிக்கொண்டு, அவளை ஊசி போட அழைத்துப் போவார். ஒரு வருஷத்துக்காவது போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி போட்டு வந்தால் அவளுக்குத் தலை சுற்றும், காதுக்குள் இரைச்சல் கேட்கும், சோறு இறங்காது. இதெல்லாம் பியேருக்குத் தெரியும்.

சனிக்கிழமை பியேர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். மற்ற சபைக்காரர்களின் கூட்டத்துக்குப் போய்வருவதைச் சாமியாரிடம் சொன்னார். திட்டு வாங்கிக்கொண்டார். பொய் சொன்னதைச் சொல்ல வாய் வரவில்லை. மன்னிப்புக் கிடைத்தது, அது கேட்டதற்குக் கிடைத்த மன்னிப்பு, கேட்க வேண்டியதற்கு அல்ல என்று தெரிந்துகொண்டே எழுந்து வந்தார்.

அடுத்த மாதம் வாக்கில் பியேர் ஒன்றைக் கவனித்தார். சக்கரபாணி இப்போதெல்லாம் சாயந்தரம் அனுமதி கேட்பதில்லை. மற்றவர்களோடு சேர்ந்துதான் கிளம்புகிறார். கேட்க நாக்கு எழுந்தது, பியேர் கேட்கவில்லை. ஊசி போடும் நேரத்தை மாற்றியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புதன்கிழமைகளில் சக்கரபாணி முன்பு மாதிரி வார்த்தை பொறுக்குவதில்லை, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதையும் பியேர் கவனித்தார். பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

உடைத்தது மார்கரீத். அவள் மார்க்கெட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் ராஜாம்பாளைப் பார்த்திருக்கிறாள். கன்னம் ஒட்டி, முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டு நின்றாள். ஊசி எப்படிப் போகிறது என்று மார்கரீத் கேட்டதற்கு, "அத்த நிறுத்திட்டேங்க மதாம். உங்க பொண்ணுக்கு ஆன மாதிரி எனக்கும் ஆவும்னு அவரு சொல்றாரு. தெனம் கும்புடுறோம்" என்றாள்.

மார்கரீத் மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்தாள். அன்று சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ் முடிந்து வந்து மத்தியானம் பியேர் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டு வைக்கவில்லை. எதிரில் நின்றாள்.

"ராஜாம்பாள் வந்து எங்கிட்ட சொல்லுது, நம்ம பொண்ணு மருந்து இல்லாம பொழைச்சிச்சாம். நீங்க சொன்னீங்களாம்."

பியேர் தட்டு இல்லாத இடத்தைக் கையால் துடைத்தார்.

"ஜன்னியில அவ என்னை யாருன்னு கேட்டா. நானு அந்த வார்டுல தரையில கெடந்தேன். அந்தச் சிஸ்டரு ராத்திரி பூரா ஈரத்துணி போட்டாங்க. எங்களையெல்லாம் எங்க வெச்சீங்க?"

"எனக்கு இங்கிலீஷ்ல சொல்ல வரல, மார்கரீத்."

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவருக்கே கேட்டது.

"தமிழ்ல சொல்ல வருமில்ல. போய்ச் சொல்லுங்க" என்றாள்.

பியேர் அப்படியே எழுந்து சாரத்துக்கு நடந்தார். சாரம் வரைக்கும் வெயில். சக்கரபாணி வீட்டில் இருந்தார். மார்க்கெட்டிலிருந்து திரும்பியதும் ராஜாம்பாளுக்கு இருமலோடு ரத்தம் வந்திருந்தது. அவள் பாயில் படுத்திருந்தாள். பியேரைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றாள், "வாங்க அண்ணே" என்றாள். சக்கரபாணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைத்தான் பியேரால் கடைசி வரைக்கும் மறக்க முடியவில்லை. அவர் ஜெபம் பண்ணத்தான் வந்திருக்கிறார் என்று சக்கரபாணி நினைத்துவிட்டார்.

"நீயே வந்துட்டியா. சொல்லி அனுப்பலாம்னு இருந்தேன்" என்றார்.

பியேர் நின்றபடியே சொன்னார். "நான் சொன்னது பொய்யிய்யா. ஜொசியானுக்கு மருந்துலதான் ஒடம்பு சரியாச்சி. டாக்டரு கைய விரிக்கல. நாளைக்கு நாலு தடவ மருந்து குடுத்தாங்க. நாங்களும் வேண்டிக்கிட்டோம், இல்லன்னு சொல்லல. ஆனா மருந்து இல்லன்னது பொய்யி. நீ கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன்."

சக்கரபாணிக்கு முதலில் புரியவில்லை. "எதுக்கு?" என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நல்ல இங்கிலீஷ் பேசினேன் என்று நாலு பேர் சொல்வதற்காக என்று எப்படிச் சொல்வது? பியேர் தலையைக் குனிந்துகொண்டார். ராஜாம்பாள் மறுபடி இருமினாள்.

"வண்டி புடிச்சிட்டு வா" என்றார் சக்கரபாணி. அவ்வளவுதான்.

பியேர் ஓடிப்போய் ஒரு குதிரை வண்டி கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் சக்கரபாணியைப் பிடித்து உலுக்காத குறையாகத் திட்டினார். படித்தவர்தானே நீங்கள், பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எத்தனை தடவை சொன்னேன் என்றார். சக்கரபாணி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நிற்கும் ஆளை நோக்கி ஒரு விரல்கூட நீட்டவில்லை. "என்னாலதான் டாக்டர்" என்று சொல்லப் பியேர் வாயைத் திறந்தார். "நீ போய்யா" என்றார் சக்கரபாணி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த புதன்கிழமை பியேர் மாடிக்குப் போனார். பேச்சு முடியும் வரை காத்திருந்து எழுந்தார். தமிழில் சொன்னார். எதையும் வெட்டவில்லை. ஆஸ்பத்திரி, மாத்திரை, கன்னியாஸ்திரீ, மார்கரீத், தரை, ராஜாம்பாள், ரத்தம், எல்லாம் சொன்னார். முன்பு கையைப் பிடித்தவர்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் திட்டவில்லை. நேரமாகிவிட்டது என்று ஒவ்வொருவராகப் படி இறங்கிப் போனார்கள். பலராமன் மட்டும் போகிற போக்கில் தலையசைத்தார், அது எந்த அர்த்தத்தில் என்று தெரியவில்லை.

ஞானாதிக்கம் ஐயர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "நான் உங்கள விசாரிச்சிருக்கணும். கேட்டதும் சந்தோஷமாப் போச்சி, விசாரிக்கல" என்றார். பிறகு, "இன்னொன்னு இருக்கு பியேர். நீங்க சொன்னத நான் விழுப்புரத்துல ஒரு கூட்டத்துல சொல்லிட்டேன். அங்க யார் கேட்டாங்க, கேட்டு என்ன செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

பியேர் நினைத்துப் பார்த்தார். தான் பார்க்காத ஏதோ ஒரு வீட்டில், தன் பெயரைச் சொல்லி ஒரு மருந்துப் புட்டியை யாரோ ஓரமாகத் தள்ளி வைத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறி விழுப்புரம் போனார்கள். கூரை போட்ட ஒரு ஜெப வீடு. ஐயர் முதலில் எழுந்து தன் தப்பைச் சொன்னார். அப்புறம் பியேர் எழுந்து தன்னுடையதைச் சொன்னார். அங்கே யாரும் மருந்தை நிறுத்தியதாகச் சொல்லவில்லை. நிறுத்தியிருந்தாலும் சொல்வார்களா என்பது வேறு. பின்னால் உட்கார்ந்திருந்த வீராயி என்ற பெண் மட்டும் கேட்டாள்:

"பொண்ணு உசுரோட இருக்குது இல்ல?"

"இருக்குதும்மா."

"ரெண்டு மாசமா அந்தப் பொண்ண நெனச்சிக்கினே இருந்தேன். அதும் பொய்யோன்னு கேட்டேன்" என்றாள் அவள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பியேர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். முன்பின் தெரியாத ஒருத்தி தன் மகளுக்காகச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். மகள் பிழைத்த கதையை வைத்துத் தான் செய்துகொண்ட வியாபாரம் என்ன? ஐயர் பக்கத்தில் இருந்ததால் அழுகையை அடக்கிக்கொண்டார்.

ராஜாம்பாள் சாகவில்லை. அவளைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தாள். ஒரு பக்கத்து நுரையீரல் பழுதாகிவிட்டது. வந்த பிறகும் நாலு படி ஏறினால் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது. நிறுத்தாமல் போட்டிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னதாகப் பியேருக்குத் தெரிய வந்தது. சக்கரபாணி சொல்லவில்லை. சக்கரபாணி அவரிடம் எதையுமே சொல்வதில்லை. தணிகாசலத்திடம் கேட்டு மேஜையை மாற்றிக்கொண்டார். ஃபைல் கொடுக்கும்போது 'முசியே பியேர்' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கொடுப்பார். இருபது வருஷமாக வாய்யா போய்யா என்ற வாய்.

பியேர் புதன்கிழமைக் கூட்டத்தை விட்டுவிடவில்லை. இங்கிலீஷும் ஒருவழியாக வந்தது, வேலையும் நிலைத்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் சாட்சி சொல்லக் கூப்பிட்டதில்லை. ஐயர் மாற்றலாகிப் போன பிறகு புதிதாக வந்தவர் விவரம் தெரியாமல் ஒரு தடவை கூப்பிட்டார். பியேர் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

1962-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் முடிவாகி, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா, வேண்டாமா என்று ஊர் முழுக்கப் பேச்சாக இருந்த சமயம். கடைத்தெருவில் ராஜாம்பாள் பியேரைப் பார்த்துவிட்டாள். அவர் மறுபக்கம் போகப் பார்த்தார், அவள் விடவில்லை.

"இன்னாண்ணே, பாக்காத மாதிரி போறீங்க. மதாமக் கூட்டிக்கினு ஒருநாள் வூட்டுக்கு வாங்க. நீங்கல்லாம் பிரான்சுக்குப் போயிடுவீங்கன்னு சொல்றாங்களே."

"நாங்க போவல. இங்கதான் இருக்கப் போறோம்" என்றார். வருவதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு வாரக்கணக்கில் தள்ளிப்போட்டார். கடைசியில் மார்கரீத் ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டையை எடுத்துக் கொடுத்துக் கிளப்பினாள்.

ராஜாம்பாள் காப்பி போட்டுக் கொடுத்தாள். அடுப்பங்கரைக்கும் கூடத்துக்கும் நடந்ததில் மூச்சு வாங்கியது. மார்கரீத் எழுந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். பெண்கள் இருவரும் பேசினார்கள். சக்கரபாணி தோட்டத்தில் இருந்தார். வாளி வைக்கும் சத்தம், துணி அலசும் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வரவில்லை. பியேர் காப்பியைக் குடித்து முடித்த பிறகும் காலி டம்ளரைக் கையில் வைத்திருந்தார், கீழே வைத்தால் கிளம்ப வேண்டியிருக்கும் என்பது போல.

கிளம்பும் நேரத்தில் சக்கரபாணி ஈரக் கையைத் துடைத்தபடி வாசல் வரைக்கும் வந்தார். பியேர் நிமிர்ந்து பார்த்தார்.

சக்கரபாணி மார்கரீத்தின் பக்கம் திரும்பி, "மதாம், ஜொசியானுக்கு ஒடம்பெல்லாம் இப்ப எப்டி இருக்குது?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கா" என்றாள் மார்கரீத்.

"அது போதும்" என்று சொல்லிவிட்டு சக்கரபாணி உள்ளே போனார். மகளைப் பற்றித் தகப்பனிடம் கேட்காமல் ஏன் தாயிடம் கேட்டார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பியேர் செருப்பை மாட்டிக்கொண்டு, மார்கரீத்துக்கு இரண்டடி பின்னாலேயே தெருமுனை வரைக்கும் நடந்தார்.